டெய்லரம்மா அளவெடுத்த காலுறை

டெய்லரம்மா தைத்த துணி இறுக்குகிறது என்று ஒருவர்கூடத் திரும்பி வந்தது கிடையாது. தொளதொளவென்று இருக்கிறது என்று வந்திருக்கிறார்கள். அதை அவள் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள். "தொளதொளன்னு இருந்தா ரெண்டு தையல் போட்டுப் பிடிச்சுக்கலாம். இறுக்கிப் போச்சுன்னா துணியை எங்க போய் இழுக்கிறது?" என்பாள். நியாயமான பேச்சுதான். அதனால் இடுப்போ மார்போ கையோ, யாருக்கு அளவெடுத்தாலும் டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் தன் இரண்டு விரலை நுழைத்துக்கொண்டுதான் அளப்பாள். உடம்பு மூச்சு விட இடம் வேண்டுமாம். அந்தத் தெருப் பிள்ளைகள் அவள் தைத்த சீருடையில் ஓடிப் பிடித்து விளையாடினார்கள், பெண்கள் அவள் தைத்த கவுனில் விருந்துக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தார்கள். எல்லாம் அந்த இரண்டு விரல் கொடுத்த இடம். அதே இரண்டு விரல் ஒருநாள் தன்னையே எமன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று அவள் எங்கே கண்டாள்?

கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு. முன்னறையில் மெஷினும் வெட்டுமேசையும். பின்னறையில் கட்டில். மெஷினை மிதித்து மிதித்தே இடது முழங்கால் தேய்ந்துபோனது. மோட்டார் வைத்துக்கொள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஓடும், கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று சொல்லிவிட்டாள். கடைசியில் அந்தக் காலே சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. முட்டி மாற்று ஆபரேஷன்தான் ஒரே வழி என்றார்கள்.

அவள் வீட்டுக்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேலே போகிறவர்களோடும் கீழே வருகிறவர்களோடும் வாழ்நாள் முழுக்கப் பேசிப் பேசி, வாயை மூடினால் லிஃப்ட் நின்றுவிடும் என்று நினைக்கிற மனுஷன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அவளைச் சம்மதிக்க வைத்ததும் அந்த வாய்தான். "ஆபரேஷன் பண்ணிட்டு வா, நாம ரெண்டு பேரும் மாடிப்படியில ஓட்டப்பந்தயம் வெச்சுக்கலாம்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. கத்திக்கோ ஊசிக்கோ பயந்தவள் இல்லை. அது அக்காவால் வந்த பயம்.

அவளுடைய அக்கா, கூடப்பிறந்த ஒரே அக்கா, சில வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்கு வந்து, தலையணையில் சாய்ந்துகொண்டு எல்லோரையும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று மட்டும் இரண்டொரு முறை சொன்னாள். பார்த்துக்கொள்ளப் போயிருந்த டெய்லரம்மா, "படுத்தே கிடந்தா அப்படித்தான்" என்றாள். ஒருநாள் காலையில் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தாள். "நான் எடுத்துத் தரேன், இரு அக்கா" என்று இவள் சொல்லி முடிப்பதற்குள் நாலடி வைத்துவிட்டாள். கதவு நிலையைப் பிடித்தாள். "மூச்சு முட்டுதுடி" என்றாள். அவ்வளவுதான். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது கிளம்பி நுரையீரலை அடைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

பயந்த மனசு கணக்குப் போடும் விதமே தனி. அத்தனையையும் கண்ணால் பார்த்த டெய்லரம்மா அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அக்கா எழுந்தாள், அதனால் செத்தாள். எழாமல் கிடந்திருந்தால் கட்டி காலிலேயே கிடந்திருக்கும், அக்காவும் கட்டிலிலேயே கிடந்து இன்னும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருப்பாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள். உள்ளே வைத்திருக்கிற பயத்தை யார் வந்து திருத்துவது?

ஆபரேஷன் முடிந்தது. தையல் பிரித்த அன்று டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். மாத்திரையை விடாமல் போட வேண்டும், நடக்க வேண்டும், காலை அழுத்திப் பிடிக்கிற காலுறை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். "ரத்தம் உறையாம இருக்கத்தான்மா இது எல்லாம்" என்றார். உறையாமல் என்ற சொல் காதில் விழுந்ததும் டெய்லரம்மாவுக்கு மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. அன்று சாயங்காலமே டாக்சி பிடித்துப் போய்க் கடையில் இறங்கினார்கள்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல், இடுப்புப் பட்டை, கழுத்துப் பட்டை என்று உடம்பில் எது எது கெட்டுப்போகுமோ அதற்கெல்லாம் ஒரு சாமான் தொங்குகிற கடை அது. உள்ளே நுழைந்ததுமே இருக்கிற வியாதி போதாதென்று இல்லாத வியாதியும் வந்துவிடும் போலிருந்தது. வாக்கரை ஊன்றி உள்ளே போய் உட்காருவதற்குள் டெய்லரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்காலில் ஏதாவது இழுக்கிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தாள்.

கடையில் இருந்த பெண் அட்டைப்பெட்டிகளை எடுத்து அடுக்கினாள். முழங்காலுக்குக் கீழ் வரைக்கும் ஒன்று, தொடை வரைக்கும் ஒன்று. விரல் மூடியது ஒன்று, விரல் திறந்தது ஒன்று. லேசான அழுத்தம், நடுத்தர அழுத்தம், பலமான அழுத்தம்.

"கறுப்புல வாங்கிக்கோ. பேங்க் மேனேஜரம்மா மாதிரி இருப்ப" என்றார் ரேடியோ.

"நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"டாக்டர் எழுதினது முழங்காலுக்குக் கீழ வரைக்கும், நடுத்தர அழுத்தம்" என்றாள் கடைப் பெண் சீட்டைப் பார்த்து. "விரல் திறந்தது எடுத்துக்கங்கம்மா, விரல் நிறம் மாறுதான்னு பாத்துக்கலாம். காலை நீட்டுங்க, அளவெடுக்கிறேன்."

"யாருக்கு? எனக்கா?" டெய்லரம்மாவுக்குப் பயத்தின் நடுவிலும் ரோஷம் வந்துவிட்டது. "நல்ல கதையா இருக்கே. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அளவெடுத்தது நான்."

ரோஷம் பாதி, பயம் பாதி. அந்தக் காலை இன்னொருத்தி தொடுவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கே அமுக்கி எதைக் கிளப்பிவிடுவாளோ! கைப்பையிலிருந்து தன் டேப்பை எடுத்தாள். கணுக்காலைச் சுற்றிப் போட்டாள், கெண்டைக்காலைச் சுற்றிப் போட்டாள். இரண்டு இடத்திலும் இரண்டு விரல் தானாக உள்ளே போனது. அவள் நினைத்துச் செய்யவில்லை. கண் இமைப்பதை யார் நினைத்துச் செய்கிறார்கள்?

"காலையில தூங்கி எழுந்ததும் அளந்தாத்தான்மா சரியா இருக்கும். சாயங்காலம் ஆனா கால் கொஞ்சம் வீங்கிடும்" என்றாள் அந்தப் பெண்.

"அளவு எப்ப எடுத்தாலும் அளவுதான்."

பெட்டியின் பின்பக்கத்து அட்டவணையில் அவள் சொன்ன அளவைத் தேடினாள் கடைப் பெண். "லார்ஜ் வருது. ஆனா உங்க காலைப் பாத்தா மீடியம்தான் தோணுது. ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

மீடியத்தைப் போட்டுப் பார்த்தார்கள். விரல் நுழைந்தது. குதிகாலில் வந்து நின்றுவிட்டது. அந்தப் பெண் இரண்டு கையாலும் பிடித்து மேலே ஏற்றினாள். துணி கணுக்காலைக் கவ்விப் பிடித்ததும் டெய்லரம்மாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "கழட்டு, கழட்டு! ஏம்மா, கழட்டுன்னா கழட்டமாட்டியா?"

"இறுக்கிப் பிடிச்சாத்தான்மா ரத்தம் மேல ஏறும்."

"இறுக்கினா ரத்தம் நின்னுடும். நின்னா உறைஞ்சிடும். எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இறுக்கம் என்றால் கெடுதல். அவள் வாங்கியது லார்ஜ். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அளவு என்றால் இதுதான் அளவு என்று ரேடியோவிடம் சொன்னாள். அவரும் தலையாட்டினார். தையல் விஷயத்தில் அவர் என்றைக்கு எதிர்ப்பேச்சுப் பேசியிருக்கிறார்?

வீட்டுக்கு வந்த மறுநாளே காலுறை இறங்க ஆரம்பித்தது. மேலே இழுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் கணுக்காலில் வந்து மடிந்துகொண்டது. டெய்லரம்மா படுத்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது இறங்கினால் ரத்தம் உறையும், உறைந்தால் அக்கா போன வழிதான் என்று மனசு ஓடியது. கடைக்குத் திரும்பிப் போகலாம். ஆனால் போக வேண்டுமென்றால் எழ வேண்டும். அதுவுமில்லாமல், டெய்லரம்மா எடுத்த அளவு தப்பு என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் போய் நிற்பதா? யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வார்கள், சறுக்கிய யானை அதை ஒத்துக்கொண்டதாக மட்டும் யாரும் சொல்லவில்லை.

"ஏங்க, அந்தத் தையல் கூடையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்."

"கட்டில்லயே கடை திறந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே கூடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் காய்கறி வாங்கப் போய்விட்டார்.

இடுப்பில் நிற்காத பாவாடைக்கு என்ன வைத்தியமோ அதே வைத்தியத்தை அவள் காலுறைக்குச் செய்தாள். அதன் மேல்வாயை மடித்து, பிள்ளைகளின் சீருடைக்கு வைக்கிற பட்டை எலாஸ்டிக்கை உள்ளே கோத்துக் கைத்தையல் போட்டாள். கனமான எலாஸ்டிக். ஆனால் இறுக்கவில்லை, இரண்டு விரல் விட்டுத்தான் வைத்தாள். போட்டுப் பார்த்தாள். ஆணி அடித்தது போல முட்டிக்குக் கீழே நின்றது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

காலுறை நின்றுவிட்டது. இனி ரத்தம் உறையாது. அப்புறம் எதற்கு நடந்து வம்பை விலைக்கு வாங்குவது? நடைப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பிசியோ பெண்ணிடம் ஒருநாள் தலைவலி என்றாள், இன்னொரு நாள் காய்ச்சல் என்றாள், பிறகு "காலையிலயே நடந்து முடிச்சுட்டேன்மா" என்று கூசாமல் சொன்னாள். ரேடியோவிடம், டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். கழிவறைக்கு மட்டும் வாக்கரைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி போய் வந்தாள். மற்ற நேரமெல்லாம் கட்டில். மாத்திரையும் அப்படித்தான். ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று ரேடியோ சொன்னதும், ரத்தம் இளகினால் கட்டி சுலபமாக மேலே போய்விடுமே என்று பயந்து, சில நாள் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாள். பயம் வந்தால் புத்தி எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவளுக்கு மாத்திரையும் பேய், நடையும் பேய். அவள் கையால் கட்டிய எலாஸ்டிக் மட்டும் தெய்வம்.

படுத்தே கிடக்கிற கால் வீங்காமல் என்ன செய்யும்? கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தது. எலாஸ்டிக் பருக்கவில்லை. அன்று இரண்டு விரல் போன இடத்தில் ஒரு விரல் போனது, பிறகு நகம்கூடப் போகவில்லை. கெண்டைக்காலில் ஒரு வலி தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு யாரோ உள்ளேயிருந்து முறுக்கிப் பிழிகிற மாதிரி. டெய்லரம்மா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. இது அக்கா சொன்ன சொல் அல்லவா? அதை வாயால் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்தாள். மகள் தொலைதூரத்திலிருந்து போன் பண்ணிக் கேட்டபோது, "கால் சூப்பரா இருக்கு" என்றாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. வயசானதால் குரல் அப்படித்தான் என்று மகள் நினைத்திருப்பாள்.

தினமும் ரேடியோ வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போவார், அவளே காலுறையைக் கழற்றிக் காலைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டுக்கொள்வாள். அன்றைக்குக் காலையில் குனிய முடியவில்லை. எலாஸ்டிக்கைத் தொட்டாலே உயிர் போனது. வேறு வழியில்லாமல் அவரைக் கூப்பிட்டாள்.

"என்ன மகாராணி, இன்னிக்குப் பணிவிடை பண்ண ஆள் வேணுமா?" என்று கட்டிலோரம் உட்கார்ந்து காலுறையை உருட்டிக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே இருந்துவிட்டார். முட்டிக்குக் கீழே மரத்தில் கயிறு கட்டி வைத்த மாதிரி பள்ளம். பள்ளத்துக்குக் கீழே கால் பளபளவென்று வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டது. இன்னொரு கால் பக்கத்திலேயே ஒல்லியாகக் கிடந்தது. இரண்டும் ஒரே ஆளுடைய கால் என்று சொல்ல முடியாது.

ரேடியோ பேசவில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் பேசாமல் இருந்து பார்த்ததில்லை. துக்க வீட்டில்கூடப் பக்கத்திலிருப்பவரிடம் மெல்ல ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். அந்த மௌனம் அவளைக் காலின் வலியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்க."

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நான் எழுந்திருக்க மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன். எழுந்தா செத்துருவேன்." கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஏன் என்று மறுபடி கேட்கவில்லை. முன்னறைக்குப் போய் அவள் மெஷினுக்கு முன்னால் போட்டு உட்காரும் நாற்காலியைத் தூக்கிவந்தார். டாக்சி வந்தது. டிரைவரும் அவருமாக அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்த்தி, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா, அக்கா என்று மட்டும் உதடு முணுமுணுத்தது.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு டாக்டரம்மா. இரவெல்லாம் தூங்காத களைப்பு முகத்தில் தெரிந்த பெண். காலைப் பார்த்தவள் முதலில் அந்தப் பள்ளத்தில்தான் விரலை வைத்தாள். "இது என்ன? இங்க என்ன கட்டினீங்க?"

ரேடியோ பையிலிருந்து காலுறையை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா காலுறையின் மேல்வாயைத் திருப்பிப் பார்த்தாள். எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாள். "யார் இதைத் தைச்சது?"

டெய்லரம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தாங்க" என்றார் ரேடியோ. "இறங்கிட்டே இருந்துச்சு. அதான் நானே…"

"உங்களுக்கு ஏதாவது அறிவு இருக்கா? கால்ல கயிறு கட்டிவிட்ட மாதிரி இருக்கு. கீழேருந்து ரத்தம் எப்படி மேல வரும்? பெரியவர்னு பாக்கிறேன்…" டாக்டரம்மா விட்டு விளாசினாள். ரேடியோ தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க, தப்புதாங்க" என்றார். டெய்லரம்மா அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. இருக்கிற பயத்தில் வெட்கப்படக்கூட இடமில்லாமல் போயிற்று.

இருட்டாக்கிய அறையில் ஸ்கேன் எடுத்தார்கள். காலில் பசை தடவி, ஒரு கருவியை வைத்து அமுக்கினாள் டாக்டரம்மா. திரையில் கறுப்பு வட்டம் ஒன்று தெரிந்தது. "இதுதான் ரத்தக்குழாய். அமுக்கினா மூடிக்கணும். மூடலைன்னா உள்ள கட்டி இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, தொடையிலிருந்து ஒவ்வொரு இடமாக அமுக்கிக்கொண்டு வந்தாள்.

டெய்லரம்மா கழுத்தைத் திருப்பித் திரையையே பார்த்தாள். தொடையில் வட்டம் கண் மூடுவதுபோல மூடியது. கொஞ்சம் கீழே, மறுபடி மூடியது. முட்டிக்குப் பின்னால் வலியில் அவளுக்குக் கண்ணீர் வந்தது, ஆனால் வட்டம் மூடியது. மூடும்போதெல்லாம் ஒரு மூச்சு விட்டாள். கெண்டைக்காலுக்கு வந்தது கருவி. அமுக்கினாள். வட்டம் கொஞ்சம் சப்பையாகி நின்றது. மூடவில்லை. டாக்டரம்மா இன்னொரு முறை அமுக்கினாள். கருவியைச் சற்று நகர்த்தி மறுபடி அமுக்கினாள். அந்தக் கண் திறந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இருக்கா?" என்று கேட்டாள். தன் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருக்கும்மா. சின்னதா இருக்கு. முட்டிக்குக் கீழதான், மேல போகலை. ஊசி போட்டு மேல வளர விடாம பாத்துக்கலாம். ஆனா இதை இப்படியே விட்டிருந்தீங்கன்னா எங்க போய் நின்னிருக்கும்னு சொல்ல முடியாது."

வார்டில் படுக்க வைத்து வயிற்றில் ஊசி போட்டார்கள். ரேடியோ சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து, திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா திரும்பி வந்து, மாத்திரை தவறாமல் போட்டாளா, எவ்வளவு நடந்தாள் என்று அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் டெய்லரம்மா முந்திக்கொண்டாள்.

"அவரைக் கேக்காதீங்கம்மா. அவருக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது. தைச்சது நான்தான். மாத்திரையை ஒளிச்சு வெச்சதும் நான்தான். நான் நடக்கவே இல்ல."

"ஏன்?"

அப்போதுதான் அக்காவின் கதை வெளியே வந்தது. கெண்டைக்கால் வலி, தண்ணீர், கதவு நிலை, மூச்சு முட்டுதுடி என்ற கடைசிச் சொல், எல்லாம். ரேடியோவே அதை முழுசாகக் கேட்பது அன்றைக்குத்தான். "இருன்னு சொன்னேம்மா. நான் எடுத்துத் தரேன்னு சொன்னேன். கேக்காம எழுந்தா. எழுந்ததாலதானே போனா?"

ரேடியோ எழுந்து இடம் கொடுக்க, டாக்டரம்மா அந்த ஸ்டூலையே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க அக்காவை நான் பாத்ததில்ல. ஆனா எழுந்து நாலடி வெச்சதால யாருக்கும் கட்டி வராதும்மா. அது முன்னாடியே உள்ள வந்திருக்கும். அசையாம கிடந்தா அது வர்றதுக்கு வழி அதிகம். அவங்க எழுந்திருக்காம இருந்தாலும் அது அன்னிக்கே நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அவங்க செஞ்சது தப்பே இல்ல."

டெய்லரம்மா டாக்டரம்மாவின் கண்களையே பார்த்தாள், பொய் சொல்கிறாளா என்று. பொய் சொல்கிற தெம்புகூட அந்த முகத்தில் இல்லை.

மறுநாள் காலை புதுக் காலுறைக்கு அளவெடுக்க நர்ஸ் வந்தாள். டேப்பைக் காலில் சுற்றியதும் டெய்லரம்மாவின் கை தன்னால் நீண்டு இரண்டு விரலை உள்ளே நுழைத்தது. "விரலை எடுங்கம்மா" என்றாள் நர்ஸ், "காலை அளக்கிறேன், விரலை இல்ல." டேப் தோலோடு ஒட்டிப் பிடித்தது. வீக்கத்தோடே மீடியம்தான் வந்தது. டெய்லரம்மா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கடைப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. கையுறை மாட்டிக்கொண்டு நர்ஸ் அந்தப் புதுக் காலுறையை ஏற்ற ரொம்பப் பாடுபட்டாள். கணுக்காலில் பலமாகவும் மேலே போகப்போக லேசாகவும் அது காலைப் பிடித்தது. அந்தப் பிடியில் அவளுக்கு மறுபடி நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கழற்று என்று சொல்லவில்லை.

"ஊசி வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கும். டாக்டர் நடக்கச் சொல்லிட்டாங்க. அந்தக் கதவு வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றாள் நர்ஸ்.

கதவு. அக்காவும் கதவு வரைக்கும்தான் போனாள். டெய்லரம்மா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே அந்தக் கட்டி இருக்கிறது. டாக்டரே சொன்னது, இல்லாததை நினைத்துப் பயப்படவில்லை.

"பயமா இருக்குங்க" என்றாள்.

ரேடியோ ஏதாவது வேடிக்கை சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் வாக்கரை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார். "எனக்கும்தான். அந்தக் காலைப் பாத்ததிலேருந்து எனக்குச் சோறு இறங்கல" என்றார்.

அவள் எழுந்தாள். எழுந்து நின்று காத்திருந்தாள், மூச்சு முட்டும் என்று. முட்டவில்லை. ஓரடி வைத்தாள். இன்னும் காத்திருந்தாள். அவர் பின்னாலேயே, தொடாமல், விழுந்தால் பிடிக்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு வந்தார். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. ஒவ்வொரு மூச்சையும் அவள் காது கொடுத்துக் கேட்டாள். கட்டில்களைத் தாண்டி, தண்ணீர்க் குடம் வைத்த மேசையைத் தாண்டி, கதவு நிலை வந்தது. கையை வைத்துப் பிடித்தாள். மரம் வழவழவென்று இருந்தது.

அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருடமும் மனசுக்குள் அக்காவைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். நல்ல நாளிலும் பொல்லாத நாளிலும், மெஷினை மிதிக்கும்போதும், ஏன்டி எழுந்த, சொன்னா கேக்க மாட்டியா, என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டியே என்று. செத்தவளோடு ஓயாத சண்டை. அக்கா பதில் சொல்ல முடியாத சண்டை.

"அவ மேல தப்பில்லங்க" என்றாள். "தாகம் எடுத்துச்சு, எழுந்தா. அவ்வளவுதான்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாக்கரைத் திருப்பி, கட்டிலை நோக்கி நடந்தாள்.